இழுப்பதும் தள்ளுவதும்

அப்பா பெட்ரோல் ஊற்றும் வாயில் காதை வைத்துக் குனிந்து நின்றார். நான் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் வரை போகாமல் பாதி வரைக்கும்.

"இன்னொருக்கா."

திருப்பினேன்.

"ஒண்ணுங் கேக்கல கண்ணு. செத்துப்போச்சு."

1994 மாடல் பிக்கப் அது. டெக்சஸில் ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில், எங்கள் வீட்டு வாசலில் நின்றது. சாவியைத் திருப்பியதும் டேங்க்குக்குள்ளிருந்து இரண்டு வினாடிகள் ஒரு ரீங்காரம் வரவேண்டும். பெட்ரோல் பம்ப் எஞ்சினுக்கு முதல் மிடறு அனுப்பும் சத்தம். இரண்டு நாட்களுக்கு முன்பே அது நின்றுபோயிருந்தது. அப்பா ரப்பர் சுத்தியலால் டேங்க்கின் அடியில் நாலு தட்டு தட்டினார், பம்ப் திடுக்கிட்டு எழுந்து ஓடியது. சிக்கிக்கொண்ட மோட்டாரை அதிர்ச்சி கொடுத்து எழுப்பும் வித்தை. எல்லா ஊர் மெக்கானிக்குகளுக்கும் தெரிந்தது. இன்று தட்டியும் எழவில்லை.

"பம்பு எங்கிருக்குது?"

"டேங்க்குக்குள்ளங்கப்பா."

"டேங்க்குக்குள்ளன்னா?"

"பெட்ரோலுக்குள்ள. முழுகித்தான் இருக்கும். கரண்ட் மோட்டாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பெட்ரோலுக்குள்ள கரண்டா? எந்தக் கிறுக்கன்டா வெச்சான்?"

*

அப்பா நாற்பது வருடம் சங்ககிரியில் லாரி பட்டறை வைத்திருந்தார். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு லாரியோடு ஏதாவது ஒரு சம்பந்தம் இருக்கும். ஓனர், டிரைவர், டயர் கடை, புக்கிங் ஆபீஸ். நான் வளர்ந்தது கிரீஸ் வாசனையிலும் பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவிலும்தான். அப்பாவுக்கு டீசல் தெரியும். டீசல் மட்டும்தான் தெரியும். இதை நான் அப்போது அப்படி யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் அவருக்குத் தெரியாத எஞ்சின் உலகத்தில் கிடையாது.

பழைய லாரிகளில் டீசல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் இடுப்பில் ஒட்டினாற்போல் ஃபீட் பம்ப் என்று ஒரு குட்டிப் பம்ப். சேஸிஸில் தொங்கும் டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது அதன் வேலை. தலையில் கையால் அமுக்கும் ஒரு குமிழ் இருக்கும். வண்டி டீசல் தீர்ந்து நின்றால் லைனில் காற்று புகுந்துவிடும். ஃபில்டர் மேலிருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழை அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழிகள், கடைசியில் சுத்தமான டீசல். போல்ட்டை முறுக்கினால் முடிந்தது. 'ஏர் எடுக்கறது' என்பார்கள். எட்டு வயதில் நான் கற்ற முதல் வேலை அதுதான். போல்ட்டைச் சுற்றிக் குமிழிகள் நிற்கும் அந்தக் கணம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

அப்பாவின் வேதம் ஒரே வரி. "கெட்டுப்போற சாமான் கை போற எடத்துல இருக்கோணும்."

2017-க்குப் பிறகு பி.எஸ்.4 லாரிகள், 2020-இல் பி.எஸ்.6. லேப்டாப் மாட்டாமல் எஞ்சினிடம் எதுவும் கேட்க முடியாது என்று ஆயிற்று. பழைய ஓனர்கள் மரியாதைக்கு டீ குடிக்க வருவார்கள், வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புவார்கள். 2021-இல் பட்டறையை மூடினார். அடுத்த பிப்ரவரியில் அம்மாவையும் அவரையும் ஆறு மாதத்துக்கு இங்கே அழைத்து வந்தேன்.

அம்மா பத்து நாளில் பழகிவிட்டார். அப்பா சோபாவில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் நாற்பது வருடக் கறுப்பு மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிக்கப் செத்த அன்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

*

அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார். டேங்க் 34 கேலன், ஏறத்தாழ 128 லிட்டர். அதில் பாதி இருந்தாலே ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். அதை இறக்குவானேன்? உள்ளே செத்தது செத்தபடி கிடக்கட்டும். வெளியே சேஸிஸில் ஒரு பம்ப் வைத்து, டேங்க்கிலிருந்து வரும் லைனை அறுத்து அதில் கோத்துவிடுவோம். இழுத்துக் கொடுக்கும். நாளைக்குக் கெட்டாலும் இரண்டு கிளிப், இரண்டு ஒயர்.

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. இவ்வகை வண்டிகளில் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் இருக்கும். கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு இன்ஜெக்டர்கள் உட்கார்ந்து பெட்ரோலைத் தூவும். அதற்குத் தேவை 9 முதல் 13 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். பிற்காலத்து எஞ்சின்கள் 50, 60 என்று கேட்கும். 13 பி.எஸ்.ஐ. தரும் வெளிப் பம்ப் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். முந்தைய இரவு உட்கார்ந்து படித்திருந்தேன். பம்பை உள்ளே வைத்த கிறுக்கனுக்குக் காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், தீப்பிடிக்காது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். மூடிய டேங்க்குக்குள் ஆவி அதைவிட மிக அடர்த்தி. எரிவதற்குக் காற்று போதாது. மோட்டாரின் பொறி திரவத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டாவது, சுற்றியிருக்கும் பெட்ரோலே மோட்டாரைக் குளிர வைக்கும். மூன்றாவதுதான் முக்கியம். பெட்ரோலைத் தள்ளுவது சுலபம், இழுப்பது கஷ்டம்.

டீசல் கொதிக்க ஆரம்பிக்க 160 டிகிரிக்கு மேல் போகவேண்டும். பெட்ரோல் பல பொருட்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தயாராகிவிடும். ஒரு பம்ப் இழுக்கும்போது அதற்கு முன்னால் இருக்கும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்கும். வெயில் நாளில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்புக்கு ஆவியைப் பிடித்துத் தள்ளத் தெரியாது. வேப்பர் லாக். பம்ப் பெட்ரோலுக்குள் முழுகியிருந்தால் இழுக்கவேண்டிய தூரமே இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து தள்ளினால் போதும்.

போதாததற்கு நாங்கள் செய்யப்போவது வெறும் குழாய் வழியாக இழுப்பதும் இல்லை. செத்த பம்பின் வயிற்றுக்குள் புகுந்து, அதன் கீழே இருக்கும் சல்லடை வழியாக இழுக்கப்போகிறோம். முறையாகச் செய்வதென்றால் செத்த பம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர்க் குழாய் போடவேண்டும். அதற்கு டேங்க்கைத் திறந்தாக வேண்டும். டேங்க்கைத் திறந்த பிறகு புதுப் பம்பையே உள்ளே வைத்துவிடலாமே?

இதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அப்பா அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "என்ன சாமி, போடலாமா?" என்றார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் பட்டறைக்களை இருந்தது.

"போடலாங்கப்பா" என்றேன்.

*

ஒருநாள் வேலை. நான் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். அவர் சேஸிஸில் டிரைவர் கதவுக்கு நேர் கீழே இடம் பார்த்தார். டேங்க்கிலிருந்து மூன்றடி முன்னால், டேங்க்கின் அடிமட்டத்தைவிட உயரத்தில். குனிந்தால் கை போகும் இடம். பம்ப் நேராகச் சேஸிஸில் உட்கார்ந்தால் சத்தம் உள்ளே வரும் என்று டயர் ட்யூபை வெட்டி மெத்தை வைத்தார். இன்ஜெக்‌ஷனுக்கான ஓஸ் வாங்கி வரச் சொன்னார், சாதா ஓஸைத் தூக்கிப் போட்டார். கிளிப்பை முறுக்கும்போது ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வார். இறுக்கம் விரல் வழியாகத்தான் தெரியும், கண் குறுக்கே வரும் என்பார்.

ஒரே இடத்தில்தான் வாய் திறந்தேன். ஒயரை இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக இழுக்கலாம் என்றார் அவர். நான் கூடாது என்றேன். டேங்க்குக்குப் போகும் பழைய ஒயரிலிருந்துதான் எடுக்கவேண்டும். அந்த ஒயருக்குப் பின்னால் ரிலே இருக்கிறது, ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. வண்டி எங்காவது மோதி எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். நேராகக் கொடுத்தால் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அது நாயம்" என்றார். உடனே ஒயரைப் பிரித்து மாற்றினார். முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்கிறவரிடம் இன்னொன்றைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று பிறகு பலமுறை கேட்டுக்கொண்டேன். ஒயர், ரிலே எல்லாம் என்னுடைய துறை, அங்கே திருத்தினால் அவருக்குக் குறைவில்லை. பம்ப் அவருடைய துறை. அப்படித்தான் மனதுக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தேன் போல.

சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். இருக்கைக்குக் கீழே 'கிர்ர்ர்'. இரண்டு வினாடி. ஸ்டார்ட். வி-8 எஞ்சின் ஒருமுறை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று மார்ச் 20-ஐ ஒட்டிய ஒரு நாள், சுமார் 18 டிகிரி. எதுவும் ஓடும் வானிலை.

டேங்க்கை நிரப்பினோம். ஏப்ரல் முழுக்க வாரம் ஒருமுறை கடைக்குப் போய்வந்தோம். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பம்ப் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார். நான் படித்ததெல்லாம் அதிகப்படியான பயமோ என்றுகூட நினைத்தேன்.

*

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. தெற்கு ஆஸ்டினில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து வாழைக்கன்றுகளும் கறிவேப்பிலைச் செடியும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஒரே நீள இருக்கை, அம்மா நடுவில். வெளியே 36 டிகிரி. ஐ-35 நெடுஞ்சாலையில் நெரிசல். முக்கால் மணி நேரம் தவழ்ந்தோம். கீழே தார் கொதித்தது. டேங்க்கில் கால்வாசிதான் இருந்தது.

பெட்ரோல் வருடம் முழுவதும் ஒன்றல்ல. குளிர்காலத்தில் எஞ்சின் சுலபமாகப் பிடிக்கவேண்டும் என்று எளிதில் ஆவியாகும் பெட்ரோல் விற்பார்கள். அமெரிக்காவில் பம்ப் நிலையங்களுக்குக் கோடை விதி ஜூன் 1-இல்தான் தொடங்கும். 100 டிகிரி பாரன்ஹீட்டில் அளக்கும் ஆவி அழுத்தம் கோடையில் பொதுவாக 9 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கவேண்டும், குளிர்காலப் பெட்ரோலில் அது இன்னும் மேலே. காற்று மண்டலத்தின் அழுத்தம் 14.7. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் ஒரு பம்புக்கு இழுப்பதற்குக் கிடைக்கும் மொத்தச் சலுகை. எங்கள் டேங்க்கில் இருந்தது மார்ச்சில் நிரப்பிய குளிர்காலப் பெட்ரோல். எங்கள் பம்ப் இழுத்தது ஒரு பிணத்தின் வழியாக.

நெரிசல் விலகி வேகமெடுத்தபோது இருக்கைக்குக் கீழிருந்த 'கிர்ர்' திடீரென்று 'ஊஊ' என்று ஊளையாக மாறியது. எஞ்சின் இரண்டு முறை குலுங்கியது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி சோர்ந்தது. நடு லேனில் இருந்தோம். பின்னால் பதினெட்டு சக்கர டிரெய்லர். கண்ணாடி முழுக்க அதன் முகம் மட்டும் தெரிந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். டிரெய்லர் ஹாரனை அடித்துக்கொண்டே எங்களுக்கு இடதுபுறம் விலகிப் போனது. அது கிளப்பிய காற்றில் வண்டி ஆடியது. மிச்சமிருந்த வேகத்தில் உருட்டி வலது ஓரத்தில் நிறுத்தினேன். கை நடுங்கிச் சாவியை எடுக்க முடியவில்லை.

அப்பா இறங்கி அடியில் கைவிட்டுப் பம்பைத் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்தார். "ஏர் புடிச்சிருக்குது. எங்கியோ கிளிப்பு லூஸு." எல்லாக் கிளிப்பையும் தடவிப் பார்த்தார். எதுவும் லூஸாக இல்லை. மறுபடியும் தடவினார். மூன்றாவது தடவையும்.

அம்மா செடிகளுக்காக வைத்திருந்த தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். "ஏனுங்க, ஈரத்துணி போட்டுப் பாருங்க."

"அதெதுக்கு?"

"எங்க மாமா அம்பாசிடர் வெச்சிருந்தாங்கல்ல, பெட்ரோல் வண்டி. ஏற்காடு மலை ஏறும்போது இப்படித்தான் நின்னுக்கும். பம்பு மேல ஈரத்துணியச் சுத்திக் கொஞ்ச நேரம் உடுவாங்க. அப்புறம் கிளம்பிக்கும்."

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவதில் நின்றிருப்பார்களோ. அப்பா ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பம்பிலும் லைனிலும் சுற்றினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். இருபது நிமிடம். சாவியைத் திருப்பினேன். ஊளை இல்லை, 'கிர்ர்' மட்டும். ஸ்டார்ட். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, சின்னத் தெருக்கள் வழியாக, இரண்டு முறை நின்று நனைத்து, வீடு வந்தோம்.

*

இரவு அப்பா சாப்பிடவில்லை. வாசலில் வண்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன்.

"வெளிய காத்து பூரல. கிளிப்பு எல்லாம் டைட்டு. அப்ப ஏர் எங்கிருந்து வந்துச்சு?"

சொன்னேன். கொதிநிலை, இழுப்பு, சல்லடை, செத்த பம்ப். முழுக்கக் கேட்டார். குறுக்கே ஒரு கேள்வி இல்லை.

"இதெல்லாம் இப்ப வந்து படிச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லைங்கப்பா. வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் நைட்டு."

அவர் எழுந்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். குரல் தணிந்துதான் வந்தது.

"உங்கம்மாவ நடுவுல உக்கார வெச்சு ஓட்டிட்டு வந்திருக்கறயே."

நான் தலைகுனிந்து நின்றேன்.

"பட்டறையில பதினஞ்சு வயசுப் பையன் வேலைக்கு இருப்பான். நான் தப்பா மாட்டறன்னா, 'ண்ணா, அது தலைகீழா இருக்குது'ன்னு சொல்லுவான். நானுந் திருப்பி மாட்டுவேன். எவனும் இதுல மரியாதி பாக்கறதில்ல. பாத்தா லாரி மலையில நிக்கும். நீ என்னைய என்னன்னு நெனச்சே? வயசாயிருச்சு, வெளையாடட்டும்னு உட்டுட்டயா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதுதான் உண்மை. குழந்தைக்குப் பொம்மை கொடுப்பது போல அவருக்கு வண்டியைக் கொடுத்திருந்தேன். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்கு வந்து டீ மட்டும் குடித்துவிட்டுப் போன லாரி ஓனர்களும் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

*

மறுநாள் காலை அவராகவே வந்தார். "அந்தக் கொதிக்கற கதைய நேர்ல காட்டு."

பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு எடுத்தேன். பெட்ரோல் நிலையத்துக்குப் போய் சிவப்புக் கேனில் கொஞ்சம் பெட்ரோலும் மஞ்சள் கேனில் கொஞ்சம் டீசலும் வாங்கி வந்தோம். வெளியே திறந்தவெளியில், இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, மூடி, அரை மணி நேரம் வெயிலில் வைத்தோம்.

முதலில் டீசல். சிரிஞ்சில் பாதி உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, நுனியைக் கட்டைவிரலால் அடைத்து, பின்தண்டைப் பலமாக இழுக்கச் சொன்னேன். இழுத்தார். ஒன்றிரண்டு பொடிக் குமிழிகள், அவ்வளவுதான். அடுத்து பெட்ரோல். இழுத்ததும் சோடாவைத் திறந்தது போலப் பொங்கியது. அவர் கை அப்படியே நின்றது. தண்டை மெதுவாக விட்டார். குமிழிகள் மறைந்தன. மறுபடி இழுத்தார். பொங்கியது. விட்டார். மறைந்தது. ஐந்தாறு தடவை.

"இது காத்து இல்ல" என்றார். "காத்தா இருந்தா உட்டா போவாது. தங்கும். இது பெட்ரோலேதான். ஏர் வெளியிருந்து பூரல, உள்ளயே பொறக்குது."

நான் நாலு பக்கம் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். சிரிஞ்சை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே அடுத்ததையும் அவரே சொன்னார். "அப்ப இதைய இழுக்க உடக்கூடாது, தள்ளத்தான் உடோணும். வெளிய வெக்கறதுன்னா டேங்க்குக்கு அடியில வெக்கோணும். பெட்ரோலு அதா வந்து பம்புல உழுவோணும். நான் மூணடி முன்னால, மேல வெச்சேன்."

வெளிப் பம்ப் என்பதே தவறில்லை. 1985 முதல் 1989 வரை ஃபோர்டு தன் இன்ஜெக்‌ஷன் பிக்கப்புகளில் டேங்க்குக்குள் ஒரு சின்னப் பம்பும் வெளியே சேஸிஸில் ஒரு பெரிய பம்பும் வைத்தது. உள்ளே இருப்பது தள்ளிக் கொடுக்கும், வெளியே இருப்பது அழுத்தத்தை ஏற்றும். பெரியதற்கு இழுக்கும் வேலையே இல்லை. இதைச் சொன்னதும் அப்பா, "அதான, நம்ம ஃபீட் பம்பு கணக்கு" என்றார். டீசல் பம்புக்குப் பக்கத்தில் குட்டிப் பம்ப் ஒட்டியிருப்பதும் அதே ஏற்பாடுதான். இத்தனை வருடம் அதைத் தொட்டிருந்தும் எனக்கு அது தோன்றியதில்லை.

"சரி, டேங்க்க இறக்குவோம்" என்றேன்.

"எதுக்கு இறக்கறே? பாடியத் தூக்கீரலாம்."

லாரிக்காரரின் கண். லாரியில் பாடி வேறு, சேஸிஸ் வேறு. பிக்கப்பும் அப்படித்தான். பின்தொட்டியைப் பிடித்திருப்பது எட்டு போல்ட். பெட்ரோல் வாயின் ஸ்குரூக்கள், பின்விளக்கு ஒயர், அவ்வளவுதான். பனிக்கு உப்புத் தூவும் ஊர் இல்லை என்பதால் போல்ட்டுகளில் துருவும் இல்லை. ஞாயிறன்று நண்பர்கள் ஐந்து பேர் வந்தார்கள். அப்பா "ஏலேலோ" போடாத குறை. தொட்டியைத் தூக்கிப் பின்னால் கட்டைகள் மேல் வைத்தோம். டேங்க் முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் கிடந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்யலாம் போல, கை போகும் இடத்தில்.

பேட்டரியைக் கழற்றி, பூட்டு வளையத்தை மரக்கட்டையால் தட்டித் திருகினார். இரும்பால் தட்டினால் பொறி வரும். உள்ளிருந்து வந்த பம்பின் அடிச் சல்லடை கரும்பழுப்பாக அடைத்திருந்தது. பனியன் வேஸ்ட் இல்லை, என் பழைய டீ-ஷர்ட்டில் துடைத்துக் காட்டினார்.

"டேங்க்குல எப்பவும் எவ்வளவு வெச்சு ஓட்டுவே?"

"லைட்டு எரியற வரைக்கும்ங்கப்பா."

"அப்ப இதைக் கொன்னது நீதான். தண்ணியில்லாம மோட்டாரு ஓடுனா என்னாவும்? கெணத்துல பாத்ததில்ல?"

டேங்க் காலியாகக் காலியாகப் பம்ப் வெளியே தலைநீட்டும், குளிர்விக்க ஆள் இருக்காது, அடிவண்டல் சல்லடையில் ஏறும். பெட்ரோல் பம்புக்கும் கிணற்று மோட்டாருக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. அவர் சொன்னது சரி. நானும் சரி என்று சொன்னேன்.

புதுப் பம்பை மாட்டும்போது நான் கவனித்துப் பார்த்தேன். சல்லடையின் வாய் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, டேங்க்கின் அடிக்குழியில் உட்காராது போலிருந்தது. ஒரு கணம் தயங்கினேன்.

"அப்பா, சல்லடை திரும்பியிருக்குதுங்க."

எடுத்துப் பார்த்தார். திருப்பி மாட்டினார். "ம்" என்றார்.

*

ஆகஸ்டில் ஊருக்குப் போகும்வரை 40 டிகிரி வெயிலில் வண்டி நிற்கவில்லை. வெளிப் பம்பைக் கழற்றிய இடத்தில் டயர் ட்யூப் மெத்தை மட்டும் இன்னும் சேஸிஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை.

இப்போது வாரம் ஒருமுறை போனில் பேசும்போது அம்மாவிடம் எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் வாங்குவார். வேலை, பிள்ளை, வானிலை எதுவும் கேட்கமாட்டார்.

"டேங்க்குல எவ்வளவு இருக்குது?"

போன வாரமும் கேட்டார். அரை டேங்க் என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார். சொல்ல வாயெடுத்தேன்.

"கால்தாங்கப்பா. அதுக்குங் கீழ."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அப்ப போன வெச்சுட்டுப் போய் அடி" என்றார்.